கரியின் அரசியார்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் தமிழ் கற்பித்து வரும் யான், பௌதிக நூற் பேராசிரியை ஒருவரின் வரலாற்றைக் கூற முன்வந்தது சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வம்மையார் தம் வாழ்நாளில் மிகுதியும் ஆராய்ந்த பொருள் கரியாகலின், அச்சொல்லின் வழியே யானும் உள்ளே நுழைய இடமுண்டு. தமிழில் கரி என்பது அடுப்புக் கரியைக் குறிக்கும், யானையையும் குறிக்கும், பழைய வழக்கில் சான்று என்னும் பொருளையும் தரும். ஒரு சொல் இடத்திற்கேற்பப் பல பொருள் பயத்தல் போலவே, கரியாகிய தனிப்பொருளும் தன் அணுக்கள் கூடும் முறைக்கேற்பப் பல வடிவம் கொள்ளும். ஒரு முறையிற் கூடின் அது வைரம். மற்றொரு முறையிற் கூடின் பென்சிலுக்குள் இருக்கும் கருங்குச்சி. அணு ஒன்றே, கூடும் முறைதான் வேறு.

யான் கூறப்புகுந்த அம்மையார் மில்டிரெட் டிரெஸ்ஸல்ஹவுஸ் என்பார். 1930-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதியிற் பிறந்தார். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், தமது எண்பத்தாறாம் வயதில், மாசச்சூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் உலகு நீத்தார். அறிஞருலகம் அவரைக் 'கரியின் அரசி' என்று அன்போடு அழைத்தது.

அவருடைய துறையை இக்காலத்தார் குவாண்டப் பொருள்களின் ஆராய்ச்சி என்பர். அஃதென்ன என்பதைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வேன். எல்லாப் பொருள்களிலும் எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் உள. அவை நாம் எறியும் கல்லைப்போல் எவ்விடத்தும் எவ்வேகத்தும் செல்வன அல்ல. ஏணிப்படியில் நிற்பான் படிக்குப் படி நிற்பானேயன்றி இரண்டு படிகளுக்கு இடையே நிற்க மாட்டாமை போல, குறித்த சில நிலைகளிலேயே நிற்பன. இவ்விதி எல்லாப் பொருளுக்கும் பொதுவேயாயினும், பெரும்பாலான பொருள்களில் அது வெளிக்குத் தோன்றாது மறைந்து கிடக்கும். சில பொருள்களிலோ அந்நுண்விதி கைக்கும் கண்ணுக்கும் புலனாகும் பெரிய விளைவுகளை உண்டாக்கும். அத்தகையவற்றையே குவாண்டப் பொருள்கள் என்கின்றனர். மிகக் குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைச் சிறிதும் தடையின்றிச் செலுத்தும் மீக்கடத்திகள் இவற்றுள் ஒருவகை. 1911-ஆம் ஆண்டில் காமெர்லிங் ஆன்னஸ் என்னும் டச்சு அறிஞர் பாதரசத்தில் இவ்வியல்பை முதன்முதற் கண்டார்.

இனி அம்மையாரின் இளமையைக் கேண்மின். பெற்றோர் போலந்து நாட்டினின்று வந்து குடியேறிய யூதர், கையிற் பொருளில்லாதவர். குடும்பம் பிராங்க்ஸ் என்னும் பகுதியில் வறியோர் வாழும் தெருவில் வாழ்ந்தது. மில்டிரெட் சிறுமியாயிருந்தபோதே கூலிக்குச் சிறு வேலைகள் செய்து வீட்டிற்கு உதவினார். வயலின் வாசிப்பில் அவருக்கிருந்த திறத்தைக் கண்டு இசைப்பள்ளி ஒன்று உபகாரச் சம்பளம் அளித்தது. அங்கே பழகிய பிள்ளைகளின் வாயிலாகவே, நியூயார்க்கில் ஹண்டர் உயர்நிலைப் பள்ளி என்று பெண்களுக்குரிய சிறந்த பள்ளியொன்று உண்டென்பதும், நுழைவுத் தேர்விற் தேறினால் செலவின்றிக் கற்கலாம் என்பதும் அவர் செவிக்கெட்டின. தம் தெருப்பள்ளியிற் கற்பித்தது அத்தேர்வுக்குப் போதாமையால், பழைய வினாத்தாள்களை வருவித்துத் தாமே பயின்று எழுதினார்; கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றார். வழி ஒன்று உண்டு என்று ஒருவர் சொல்லக் கேட்டதே அவர்க்கு முதற் செல்வமாயிற்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

பின்னர் ஹண்டர் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்து அந்நாட்டில் படித்த பெண்ணுக்கு மூன்றே தொழில்கள் உரியவென்று கருதப்பட்டன: பள்ளியாசிரியை, செவிலி, அலுவலகத்துக் காரியதரிசி. மில்டிரெட்டும் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆதலையே எண்ணியிருந்தார். அங்கே பௌதிகம் கற்பித்த ரோசலின் யாலோ என்னும் இளம் ஆசிரியை இம்மாணவியின் ஆற்றலை உணர்ந்து, 'நீ விஞ்ஞானத் துறையிற் செல்லவேண்டும்' என்று வற்புறுத்தினார். அந்த யாலோ அம்மையார் 1977-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பெற்றவர். வகுப்பில் இருந்த ஒரு மாணவியிடம் ஓர் ஆசிரியை சொன்ன சொல் பிற்காலத்தில் எத்தகைய பயன் விளைத்தது என்பதை எண்ணும்போது, ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம்போன்றோர்க்கு அச்சமும் பெருமையும் ஒருங்கே உண்டாகின்றன.

1951-இல் பட்டம் பெற்று, ஃபுல்பிரைட் உதவியால் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு பயின்றார். திரும்பி வந்து 1953-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் சிகாகோ சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே என்ரிக்கோ பெர்மி என்னும் பேரறிஞர் இருந்தார். காலையில் கலாசாலைக்கு நடந்து செல்லும் வழியில் அப்பெரியார் இம்மாணவியோடு உரையாடிச் செல்வது வழக்கமாயிற்று. அரிய பொருளை எளிய சொல்லால் விளக்கும் முறையை அவரிடமே கற்றதாக அம்மையார் இறுதிவரை நன்றியுடன் கூறி வந்தார். பெர்மி 1954-இலேயே காலமானார். ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளராய் அமைந்த வேறொரு பேராசிரியரோ, பெண்களுக்கு இத்துறையில் இடமில்லை என்னும் கருத்தினர். ஆகவே அம்மையார் பெரும்பாலும் தம் முயற்சியையே துணையாகக் கொண்டார். வேண்டிய கருவிகளைப் போரில் மிஞ்சிய பழஞ்சாமான்களைக் கொண்டு தாமே அமைத்தார். மீக்கடத்தி காந்தப்புலத்தில் வைக்கப்பட்டபோது நுண்ணலைகளை ஏற்குமாறு யாது என்பதே அவர் ஆய்வு. மீக்கடத்தலின் காரணத்தை விளக்கும் கோட்பாட்டைப் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூவர் 1957-இல் வெளியிட்டனர். அக்கோட்பாட்டாலும் உடனே விளக்க இயலாத சில விளைவுகளை இம்மாணவி தம் கருவியிற் கண்டிருந்தார். 1958-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஜீன் டிரெஸ்ஸல்ஹவுஸ் என்னும் பௌதிக அறிஞரை மணந்தார்.

இங்கேதான், அன்பர்களே, நாம் ஊன்றிக் கேட்கவேண்டிய பகுதி தொடங்குகிறது. பெண்ணைப் படிக்க வைத்தல் ஒரு செயல்; படித்தவளை மணத்திற்குப் பின்னும் தன் கல்வியைக் கைவிடாதபடி காத்தல் மற்றொரு செயல். முன்னதினும் பின்னதே அரிது. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் ஊழியம் ஏற்றல் கூடாது என்னும் விதி அந்நாளில் அமெரிக்கக் கலாசாலைகள் பலவற்றில் இருந்தது. கணவர் கார்னெல் சர்வகலாசாலையில் பணிபுரிந்தார்; மனைவிக்கு அங்கே நிலையான இடம் கிடைக்கவில்லை. ஆகவே 1960-இல் இருவரையும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட லிங்கன் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றனர். சில ஆண்டுகளுக்குள் நான்கு மக்கள் பிறந்தனர். கைக்குழந்தைகளை விட்டு வரவேண்டியிருந்தமையால் காலை எட்டு மணிக்கு வரவேண்டிய அம்மையார் எட்டரைக்கு வந்தார். அவ்வரை மணி நேரத்தைக் குறித்து மேலோர் குறை கூறினர். செய்த வேலையின் அளவைக் குறித்து எவரும் குறை கூறியதாகத் தெரியவில்லை.

அம்மையார் கரியை ஆராயத் தொடங்கியதும் இக்காலத்தேதான். அந்நாளில் அறிஞர் பலரும் குறைகடத்திகளையே நாடி ஓடினர். ரேடியோ முதலிய கருவிகளுக்கு அவை பயன்பட்டமையால் அதில் போட்டி மிகுதி. கரியை ஆராய்வார் உலகிற் சிலரே. அது மிகக் கடினம், பயனும் இல்லை என்றனர். அம்மையாரோ அதனையே தேர்ந்தார். காரணத்தை அவரே மறைக்காமற் பலமுறை கூறியுள்ளார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து சில நாள் வீட்டில் தங்க நேரினும், அதற்குள் பிறர் முந்திக்கொள்ளாத துறை ஒன்று தமக்கு வேண்டியிருந்தது என்பதே அது. தாய்மையும் ஆராய்ச்சியும் ஒன்றற்கொன்று பகையாகாதபடி அவர் கண்ட வழி இது. பிறர் கைவிட்ட நிலத்தை உழுதார். பின்னாளில் அந்நிலமே பொன் விளையும் பூமியாயிற்று.

அவர் ஆராய்ந்த முறை இது: கிராபைட்டு என்னும் பென்சிற்கரியை வலிய காந்தப்புலத்தில் வைத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளத்தல். காந்தப்புலம் எலெக்ட்ரான்களைப் படிப்படியாக நிறுத்தும். ஒளியின் ஆற்றல் இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட உயரத்தோடு ஒத்தவிடத்து, திரும்பும் ஒளியில் மாறுதல் தோன்றும். அம்மாறுதல்களைக் குறித்துக்கொண்டு வந்தால், உள்ளே இருக்கும் ஏணியின் அமைப்பு முழுதும் விளங்கும். 1968-இல், லேசர் ஒளியைக் கொண்டு இவ்வாறு ஆராய்ந்த அம்மையாரும் துணைவரும், கிராபைட்டில் எலெக்ட்ரான்கள் இருக்குமிடம் இது, அவற்றின் வெற்றிடங்கள் இருக்குமிடம் இது என்று அதுகாறும் அறிஞர் கொண்டிருந்த முடிபு நேர்மாறானது என்று நிறுவினர். பலர் ஒப்பிய கொள்கையை மறுத்து அளவையால் நிலைநாட்டுதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

நிற்க. 1967-ஆம் ஆண்டில் அவர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு வருகைப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். அவ்விடம் எவ்வாறு கிடைத்தது? பெண்பால் அறிஞர்களை ஆதரித்தற்கென்றே ராக்பெல்லர் குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளை ஒன்று அங்கே இருந்தது. அதன் பொருளாற் கிடைத்தது. அவர் திறமையைக் கண்ட கழகத்தார் அடுத்த ஆண்டிலேயே, 1968-இல், நிலையான பேராசிரியர் பதவி அளித்தனர். அப்போது அங்கே இளநிலை மாணவருள் பெண்கள் நூற்றுக்கு நால்வர் அளவே. ஆண்களுக்கு ஓர் அளவுகோலும் பெண்களுக்கு வேறோர் அளவுகோலும் கொண்டு மாணவரைத் தேர்தல் தகாது என்று அம்மையார் வாதாடி, இருபாலார்க்கும் ஒரே அளவு வகுக்கச் செய்தவருள் ஒருவரானார். 1985-இல் அக்கழகத்தின் மிக உயர்ந்த ஆசிரியப் பதவியாகிய கழகப் பேராசிரியர் என்னும் நிலையை எய்திய முதற் பெண்மணியும் அவரே.

இனி அவர் கண்ட விஞ்ஞானச் செல்வங்களுள் சிலவற்றைக் காட்டுவேன். கிராபைட்டின் அமைப்பு நம் ஓலைச் சுவடியைப் போன்றது. கரியணுக்கள் அறுகோணக் கட்டங்களாய்ப் பின்னி ஒரு மெல்லிய ஏடாகும். ஏட்டின்மேல் ஏடாக அடுக்கிய சுவடியே கிராபைட்டு. ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 3 கோடி ஏடுகள் உள. ஏடு தன்னளவில் மிக வலியது; ஏட்டிற்கும் ஏட்டிற்கும் உள்ள பற்றோ மெலியது. அதனாலன்றோ பென்சிலைத் தாளில் இழுத்தவுடன் ஏடுகள் வழுக்கி எழுத்தாகின்றன! இவ்வேடுகளின் இடையே பொட்டாசியம் முதலிய வேற்றணுக்களைச் செருகினால் என்ன நிகழும் என்பதை அம்மையாரும் அவர் கணவரும் மாணவரும் 1970-களில் தொடங்கிப் பல்லாண்டு ஆராய்ந்தனர். செருகிய அணுக்கள் தாறுமாறாக நில்லா. ஓரேட்டிற்கு ஒருமுறை, ஈரேட்டிற்கு ஒருமுறை என ஒழுங்காகவே நிற்கும். எட்டுக் கரியணுவிற்கு ஒரு பொட்டாசிய அணு வீதம் செருகினால் கருநிறம் போய் வெண்கல நிறம் வரும். கடுங்குளிரில் மீக்கடத்தியும் ஆகும்.

அடுத்தது கரிக்குழாய். 1985-இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி என்பார் 60 கரியணுக்கள் பந்து வடிவிற் கூடியதைக் கண்டனர். அப்பந்தை நீட்டினால் குழாயாகுமன்றோ என்னும் எண்ணம் அம்மையார்க்குத் தோன்றியது. 1991-இல் ஜப்பானிய அறிஞர் இஜிமா அத்தகைய குழாய்களை நுண்நோக்கியிற் கண்டு வெளியிட்டார். ஒரு பாயை நேராகவும் சுருட்டலாம், கோணலாகவும் சுருட்டலாம். கரியேட்டைச் சுருட்டும் முறையை இரண்டு முழு எண்களாற் குறிப்பர். அவ்விரண்டின் வேறுபாடு மூன்றால் மிச்சமின்றி வகுபடுமாயின் அக்குழாய் உலோகம் போல் மின்சாரம் செலுத்தும், வகுபடாதாயின் குறைகடத்தியாகும். இதனை 1992-இல், குழாய்களை அளந்து பார்க்கும் வசதி வாராமுன்பே, அம்மையாரும் கணவரும் சாய்ட்டோ, ஃபூஜிட்டா என்னும் ஜப்பானிய அறிஞரோடு கூடிக் கணக்கிட்டுக் கூறினர். 1998-இல் செய்த சோதனைகள் அக்கூற்றை மெய்ப்பித்தன. பொருள் ஒன்றே, சுருட்டும் கோணம் மாறின் இயல்பே மாறும். இதனினும் வியப்பு உண்டோ?

1993-இல் தம் மாணவர் ஹிக்ஸ் என்பாருடன் வேறொரு கருத்தை வெளியிட்டார். வெப்பத்தை நேரே மின்சாரமாக மாற்றும் பொருள்கள் உள. அவை மின்சாரத்தை நன்கு செலுத்தவேண்டும், வெப்பத்தையோ செலுத்தலாகாது. இவ்விரண்டும் ஒரு பொருளில் அமைதல் அரிது. அப்பொருளை எலெக்ட்ரான்கள் நெருக்குண்ணும் அளவுக்கு மெல்லிய படலமாகச் செய்தால் அந்த அருமை நீங்கக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினர். உறங்கிக் கிடந்த அத்துறை மீண்டும் விழித்தது.

நம் நாட்டார்க்கு உரிய செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. கரிக்குழாய் ஒவ்வொன்றின் பருமனையும் அளக்க அம்மையார் கையாண்ட கருவி இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சர் சி. வி. இராமன், 1928-இல் கண்டறிந்து 1930-இல் நோபெல் பரிசு பெற்ற அவ்விளைவேதான். அம்மையார் பிறந்ததும் அந்த 1930-இலேயே. லேசர் ஒளி குழாயின்மேற் படும்போது குழாய் மூச்சு விடுவது போல் விரிந்து சுருங்கும். சிதறும் ஒளியில் அவ்வசைவின் அடையாளம் தோன்றும். 2001-இல் தனி ஒரு குழாயின் அமைப்பையே இம்முறையால் அவர் குழுவினர் அறிந்து கூறினர். ஆயினும் உண்மையை முழுதும் சொல்லவேண்டும். அந்த இராமன் தலைமை வகித்த பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் 1933-இல் கமலா என்னும் பெண்மணி சேர விரும்பியபோது, பெண் என்பதற்காகவே முதலில் மறுக்கப்பட்டார். விடாப்பிடியாய் நின்ற பின்னரே நிபந்தனைகளுடன் சேர்க்கப்பட்டார். 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற கமலா சோஹோனி அவரே. பேரறிஞர்க்கும் பழக்கம் கண்ணை மறைக்கும் என்றால், நம்போல்வார் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

அம்மையார் பெற்ற சிறப்புகள் பல. 1984-இல் அமெரிக்கப் பௌதிக சங்கத்தின் தலைமை; 1990-இல் தேசிய விஞ்ஞானப் பதக்கம்; 2012-இல் காவ்லி பரிசு; 2014-இல் ஜனாதிபதி ஒபாமா அளித்த சுதந்திரப் பதக்கம். இவற்றினும் அறுபதின் மேற்பட்ட மாணவரை டாக்டர் பட்டத்திற்கு வழிநடத்தியதே பெரும் புகழ் என்பேன். கருக்கலிலேயே ஆய்வுக்கூடம் சேர்வார். வீட்டிற்கு மாணவரை அழைத்து உணவளித்து அவர்களோடு வயலினும் வாசிப்பார். எண்பது கடந்தும் பணியை விட்டாரல்லர்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 2018-இல், அதே கழகத்தில் ஹரில்யோ எர்ரேரோ என்னும் பேராசிரியரின் குழுவினர், ஒரே ஏடாய்ப் பிரித்த கரித்தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாய் 1.1 பாகை திருகி வைத்தபோது, கடுங்குளிரில் அது மீக்கடத்தியாதலைக் கண்டனர். இளமையில் அம்மையார் பட்டத்திற்கு ஆராய்ந்தது மீக்கடத்தல். வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தது கரி. இரண்டும் ஒரு புதுநெறியில் ஒன்றுகூடியதைக் காண அவர் இருந்திலர்.

இவ்வரலாற்றை இச்சபையில் யான் எடுத்துரைத்தது வியப்பின் பொருட்டன்று. 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு' என்னும் பழமொழியை நம்மவர் இன்று வாயாற் சொல்வதில்லை. நம் பெண்மக்கள் பொதுத்தேர்வுகளில் ஆண்மக்களை விஞ்சுகின்றனர், பட்டமும் பெறுகின்றனர். ஆனால் அப்பட்டம் மணப்பத்திரிகையில் பெயருக்குப் பின் அச்சிடும் அணிகலனாய் முடிந்துவிடும் வீடுகள் எத்தனை! கணக்கில் முதல்வியாய் வந்தவள், மூன்றாண்டு கழித்துக் கையிற் குழந்தையோடு என்னைக் காணும்போது, 'மேலே படிக்கிறாயா, அம்மா' என்று கேட்டால் தலை கவிழ்கிறாள். குற்றம் அவளுடையதன்று. வேளை கொடுப்பார் இல்லை. டிரெஸ்ஸல்ஹவுஸ் அம்மையார்க்கு உடன் உழைத்த கணவர் இருந்தார். பல்லாண்டு பிள்ளைகளைப் பேணிய செவிலித்தாய் இருந்தார். தக்க தருணத்தில் ஓர் அறக்கட்டளை இருந்தது. இம்மூன்றும் இல்லையாயின் அவ்வறிவு முழுதும் சமையற்கட்டிலேயே அடங்கியிருக்கும். உலகம் தான் இழந்தது இன்னதென்று அறிந்தும் இராது.

ஆதலின் சங்கத்தாரிடம் என் விண்ணப்பங்கள் மூன்று. முதலாவது, நமது கல்வி நிதியிலிருந்து அளிக்கும் உபகாரச் சம்பளத்தில் மணமான பெண்டிர்க்கும் ஒரு பங்கு ஒதுக்குக. மணமாயிற்று என்னும் காரணத்தால் எவர் மனுவும் தள்ளப்படலாகாது. இரண்டாவது, எந்தப் பள்ளியில் எந்தத் தேர்வு, எங்கே என்ன உதவி என்னும் செய்திகளைத் திங்கள்தோறும் நமது இதழில் வெளியிடுக. ஒரு தெருவில் ஒரு சிறுமி அதனைப் படித்தாலும் போதும். மூன்றாவது, மருமகளைத் தேடும் தாய்மார்களே, உங்களுக்கு! பெண்ணின் படிப்பை வினவும்போது, 'என்ன படித்தாள்' என்பதோடு நில்லாது, 'இன்னும் என்ன படிக்க விரும்புகிறாள்' என்றும் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்ட வீட்டில், காய்ச்சலுற்ற பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள ஒரு பாட்டி இருப்பாள் என்று அப்பெண் நம்புவாள்.

கரி என்பதற்குச் சான்று என்றும் பொருள் உண்டென முதலிற் கூறினேன். வறிய வீட்டிற் பிறந்த ஒரு பெண், நான்கு மக்களுக்குத் தாயாகியும், உலகறியாத நுண்மைகளைக் காண்டல் கூடும் என்பதற்கு இவ்வம்மையார் வாழ்வே கரி.